ஒரே விக்கெட் நாலு தடவை விழுந்த பஸ்

2025 ஆகஸ்ட் 4. திங்கக்கிழமை. ஓவல் டெஸ்டோட கடைசி நாள்.

கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு தேதி சொன்னாலே போதும். மத்தவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி: இந்தியாவுக்கு எதிரா இங்கிலாந்து ஜெயிக்க 374 எடுக்கணும். முந்தின நாளே 339-க்கு 6. மிச்சம் 35 ரன், நாலு விக்கெட். அதுல கடைசி ஆள் வோக்ஸுக்கு தோள்பட்டை இறங்கி, கைய தூளில கட்டி வெச்சிருக்காரு. நம்ம நேரத்துக்கு மத்தியானம் மூன்றரைக்கு ஆட்டம்.

எனக்கு அன்னிக்கு விழுப்புரத்துல ஒரு வேலை. முடிச்சிட்டு புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து திண்டிவனம் பஸ்ல ஜன்னல் சீட்டு புடிச்சு உக்காந்துட்டேன். ஃபோன எடுத்தேன். பின் சீட்ல காலேஜ் பசங்க, அவங்க கையிலயும் மேட்ச். எனக்கு முன்னாடி பெரிய பையோட ஒரு மெடிக்கல் ரெப், அவர்கிட்டயும் மேட்ச். டிரைவருக்குப் பின்னாடி சீட்ல வேட்டி கட்டின பெரியவரு ஒருத்தர், அவரும் ஃபோன மடியில சாய்ச்சு வெச்சு பாக்கறாரு. ஆக நாலு ஃபோன். நாலுலயும் அதே ஆப்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி தாண்டும்போது பின்னாடி இருந்து "அவுட்டு!"ன்னு ஒரு கத்து.

என் ஃபோன்ல நம்ம பவுலர் சிராஜ் இன்னும் பந்த தொடையில தேச்சுக்கிட்டு நடந்து போய்ட்டிருக்காரு.

சரி, வரும்னு காத்திருக்கேன். அதுக்குள்ள முன்னாடி ரெப் சீட்ட தட்டுறாரு. அப்புறம் என்னோடதுல விழுந்துச்சு. நான் சிரிச்சு முடிக்கறதுக்குள்ள, பஸ்ஸே அமைதியான பிறகு, பெரியவரு மட்டும் தனியா "ஆங், போடு!"ன்னாரு. ஒரே விக்கெட், ஒரே பஸ், நாலு தடவை.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு அப்புறம் யாரும் தன் ஃபோன பாக்கவே இல்ல. எல்லாருக்கும் காது பின் சீட்டுலதான். பசங்க மூச்ச இழுத்தா நம்ம ஃபோன்ல ஏதோ வரப்போகுதுன்னு அர்த்தம். (இப்படி மேட்ச் பாக்கறதுல ஒரு தனி சுகம் இருக்கு.)

கடைசியா இங்கிலாந்துக்கு ஏழு ரன் வேணும், மிச்சம் ஒரு விக்கெட். ஒரு சிக்ஸர் அடிச்சா டை. அட்கின்சன் நிக்கிறாரு. அந்த நேரத்துல கண்டக்டருக்கு வீட்ல இருந்து ஃபோன். எடுத்து கேட்டுட்டு, "ஜெயிச்சிட்டமாம்பா"ன்னு பொதுவா ஒரு அறிவிப்பு குடுத்துட்டு, கூட்டேரிப்பட்டு இறங்கறவங்கள எழுப்பப் போய்ட்டாரு.

நாலு ஃபோன்லயும் அட்கின்சன் பேட்ட தட்டிக்கிட்டு நிக்கிறாரு!

கண்டக்டர் வீட்ல கேபிளு.

---

இது எந்தக் கம்பெனியோட தப்பும் இல்லைங்க. இந்த முறையே அப்படி. மைதானத்துல எடுக்கற படத்த வாங்கி, ஒவ்வொருத்தர் நெட் வேகத்துக்கும் ஏத்த மாதிரி பல தரத்துல சுருக்கி, சில செகண்ட் நீளத்துக்கு துண்டு துண்டா நறுக்கி, சர்வர் சர்வரா அனுப்பி வெக்கிறாங்க. நம்ம ஃபோன் அந்தத் துண்டுல கொஞ்சத்த முன்கூட்டியே இறக்கி கையிருப்பு வெச்சுக்கிட்டுதான் ஓட்டவே ஆரம்பிக்கும். நடுவுல சிக்னல் திக்கினாலும் படம் நிக்கக்கூடாது இல்லையா, அதுக்காக. எந்த ஃபோன் எப்ப உள்ள நுழைஞ்சுது, எவ்வளவு இருப்பு வெச்சிருக்குதுங்கறத பொறுத்து ஒண்ணுக்கொண்ணு பின்தங்கும். அரை நிமிஷம்கூட ஆகும்.

கேபிள்ல இந்த இருப்பு வெக்கற வேலை பெருசா கிடையாது. சாட்டிலைட்ல இருந்து கன்ட்ரோல் ரூம், அங்கருந்து வயர், வயர்ல இருந்து பாக்ஸு. அதுவும் ஸ்டேடியத்துக்கு சில செகண்ட் பின்னாடிதான். ஆனா தெருவே மொத்தமா ஒரே அளவுக்கு பின்னாடி. எல்லாரும் சேந்து லேட்டா இருந்தா அதுக்குப் பேரு லேட்டே இல்ல.

2023 ஐபிஎல் ஃபைனல் ஞாபகம் இருக்கா? மழை பெஞ்சு, அடுத்த நாளுக்குத் தள்ளிப் போயி, அதுலயும் மழை பெஞ்சு, கடைசில ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல ஜடேஜா ரெண்டு பந்துல பத்து ரன் அடிச்ச மேட்ச். எங்க தெருவுல அன்னிக்கு வெடிச்சத்தம் முதல்ல கேட்டுச்சு, சிக்ஸர் அப்புறம் வந்துச்சு, ஃபோர் வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பையன் பைக்க எடுத்துட்டு கிளம்பிட்டான். ஃபோன்ல பாத்துக்கிட்டிருந்த எனக்கு மேட்ச் முடிஞ்சது காதுல. கண்ணுல இல்ல.

அப்ப கேபிளே இருக்கட்டும்னு சொல்லிட்டு பதிவ முடிச்சிடலாமே? அங்கதான் சிக்கல்.

---

நம்ம பக்கம் இந்த "கேபிளா ஆப்பா" பஞ்சாயத்துல எல்லாரும் விலைலதான் ஆரம்பிப்பாங்க. நானும் ஆரம்பிக்கறேன், சீக்கிரம் முடிச்சிடறேன்.

2011 செப்டம்பர்ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்னு வந்தப்ப பேச்சே இல்ல. வயர் இழுத்தா எல்லாம் வரும். 2019 பிப்ரவரில தொலைத்தொடர்பு ஆணையமான டிராயோட புது முறை வந்துச்சு. 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டி சேத்தா 153 ரூபா 40 பைசா. அதுக்கு மேல கட்டணச் சேனல் ஒவ்வொண்ணுக்கும் தனிக் காசு. பாக்கறதுக்கு மட்டும் காசு குடுங்கன்னாங்க. கேக்க நல்லா இருந்துச்சு. (என் அம்மா அந்த வாரம் பூரா சேனல் பேர பேப்பர்ல எழுதி டிக் அடிச்சாங்க, ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி.) அப்புறம் விதி மாறி அதே 130-க்கு 200 சேனல்னாங்க. 2024-ல அந்த 130 உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க. இப்ப எங்க தெருவுல ஸ்போர்ட்ஸ் சேந்த பேக்கு முன்னூறு ரூபாய ஒட்டி வருது.

ஆப் பக்கம் கதை வேற. 2022 ஜூன்ல ஐபிஎல் அஞ்சு வருஷ உரிமைய ஏலம் விட்டாங்க. மொத்தம் 48,390 கோடி. டிவிக்கு ஸ்டார் 23,575 கோடி, மொபைலுக்கு வயாகாம்18 அதுக்கு ஈடா ஒரு தொகை. ரெண்டு பேரும் எதிரெதிர் கடை. அதனால 2023-லயும் 2024-லயும் வயாகாம்18-ஓட ஜியோசினிமால ஐபிஎல் முழுசும் ஓசி. அந்த ஜடேஜா ராத்திரில மட்டும் ஒரே நேரத்துல 3 கோடியே 20 லட்சம் பேர் அந்த ஆப்ல இருந்தாங்கன்னு கணக்கு சொன்னாங்க. எதிர்க்கடைக்காரங்களும் விடல. அதே வருஷம் உலகக்கோப்பைய ஸ்டாரோட ஹாட்ஸ்டார் மொபைல்ல ஓசியா விட, ஃபைனலுக்கு 5 கோடியே 90 லட்சம்.

நமக்கோ கொண்டாட்டம். கேபிள எடுத்துடலாமான்னு வீட்டுக்கு வீடு பேச்சு வந்ததே அப்பதான்.

எதிரெதிர் கடை 2024 நவம்பர்ல ஒரே கடை ஆயிடுச்சு. 2025 பிப்ரவரி 14 அன்னிக்கு ஜியோஹாட்ஸ்டார்னு புது போர்டு மாட்டினாங்க. (காதலர் தினம். பொருத்தமாதான் நாள் பாத்திருக்காங்க.) சந்தா வந்துடுச்சு. அப்ப போட்ட விலை, மொபைல்ல மட்டும் பாக்க மூணு மாசம் 149, வருஷம் 499. டிவிலயும் பாக்கணும்னா மூணு மாசம் 299, வருஷம் 899. விளம்பரமே இல்லாத பிளானும் ஒண்ணு, வருஷம் 1,499. ஆனா லைவ் மேட்ச்ல மட்டும் விளம்பரம் வரும்! மேட்ச் பாக்கறவன்தானே அத வாங்குவான்? அவனுக்கு மட்டும் அது இல்ல.

வெறும் விலைய வெச்சுப் பாத்தா ஆப்தான் மலிவு. வருஷத்துக்கு கேபிள் மூவாயிரத்து ஐநூறு வந்து நிக்குது, ஆப் அந்த 2025 விலைல தொள்ளாயிரம். ஆனா ஆப் ஓடறது டேட்டாவுல. டேட்டா யாரு குடுக்கறது?

தினம் ஒன்றரை ஜிபி பேக்கு போட்டிருக்கற ஆளுங்க கைதூக்குங்க. டி20 மேட்ச் முழுசா ஓட மூன்றரை மணி நேரத்துக்கு மேல. நல்ல தரத்துல வெச்சா மணிக்கு ஒரு ஜிபி சுளையா போகும். ரெண்டாவது இன்னிங்ஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள "உங்கள் தினசரி டேட்டா தீர்ந்தது"ன்னு எஸ்எம்எஸ். அதுக்கப்புறம் சதுரம் சதுரமா ஆறு பேர் ஓடறாங்க, யாரு பேட்ஸ்மேன் யாரு அம்பயருன்னு தெரியாது. தரத்த குறைச்சு வெச்சா டேட்டா தாங்கும், பந்து தெரியாது. பந்து தெரியாத கிரிக்கெட்டுக்கு ரேடியோவே மேல். (சென்னை டெஸ்டுக்கு அப்துல் ஜப்பார் தமிழ்ல வர்ணனை சொல்லிக் கேட்ட தலைமுறை எங்க வீட்ல இன்னும் இருக்கு. "அவரு சொன்னா பந்து தெரியும்டா"ன்னு மாமா இப்பவும் சொல்வாரு.)

அப்ப வீட்டுக்கு ஃபைபர் போடணும். ஃபைபர் யாரு போடறா?

எங்க கேபிள் அண்ணன்தான்!

அவருகிட்டயே போய் "அண்ணே, கேபிள நிறுத்திட்டு ஆப்புக்கு மாறலாம்னு பாக்கறேன்"னு சொன்னேன். கொஞ்சம்கூட அலட்டிக்கல. "தாராளமா மாறு தம்பி. ஃபைபர் நாளைக்கே இழுத்துடறேன். அதே போஸ்ட்டு, அதே பையன் வருவான். பில்லு மட்டும் வேற"ன்னாரு. கேபிளும் ஆப்பும் சண்ட போட்டுக்குதுன்னு நாம நினைச்சிட்டிருக்கோம். ரெண்டும் ஒரே மின்கம்பத்துல தோள்மேல கைபோட்டு தொங்கிட்டிருக்கு.

---

விலைய விடுங்க. எனக்கு கடுப்பு ஏத்தறது வேற ஒண்ணு. எந்த மேட்ச் எங்க வருதுன்னு கண்டுபுடிக்கறதுதான்.

அந்த ஓவல் டெஸ்ட்டையே எடுத்துக்கோங்க. அந்த இங்கிலாந்து தொடர் டிவில சோனி, மொபைல்ல ஜியோஹாட்ஸ்டார். அதாவது கேபிள்ல ஸ்டார் பேக்கு மட்டும் வெச்சிருந்தவங்களுக்கு படம் இல்ல. ஆப் வெச்சிருந்தவங்களுக்கு இருந்துச்சு. சரி ஆப் பொழைச்சுதுன்னு நினைச்சா, அடுத்த மாசமே ஆசியக்கோப்பை. அது டிவிலயும் சோனி, மொபைல்லயும் சோனிலிவ். செப்டம்பர் 28 ஞாயித்துக்கிழமை இந்தியா - பாகிஸ்தான் ஃபைனல். ஆசியக்கோப்பை ஃபைனல்ல இந்த ரெண்டு பேரும் மோதினது அதான் முதல் தடவை. வருஷ சந்தா கட்டி கம்பீரமா உக்காந்திருந்த எங்க தெரு பாதிப் பேரு சாயங்காலம் இன்னொரு ஆப்புக்கு ஓடிபி அடிச்சிட்டிருந்தாங்க. கேபிள்ல ரெண்டு பேக்கும் வெச்சிருந்த ரிட்டயர்டு வாத்தியார் வீட்ல அன்னிக்கு செருப்பு விட இடமில்ல.

இது கிரிக்கெட் மட்டும். ஃபார்முலா ஒன் பாக்கற பையன் ஒருத்தன் இருக்கான் எங்க ஆபீஸ்ல, அவனுக்கு ஃபேன்கோட். கபடிக்கு ஸ்டார். தமிழ் தலைவாஸ் 2017-ல வந்ததுல இருந்து நம்ம பக்கம் கபடிய டிவில பாக்கற வீடு ஜாஸ்தி. சாயங்காலம் களத்துல ஆடிட்டு வந்து ராத்திரி டிவில பாத்து "இவன் என்னடா போனஸ் லைன தொடல"ன்னு திட்டற ஊருங்க நம்மளுது. அந்த வீடுங்கள்ல ஆப்ப பத்திப் பேச்சே எடுக்க முடியாது. பத்துப் பேரு ஒண்ணா உக்காந்து திட்டணும், அதுக்கு ஆறு இஞ்ச் ஸ்கிரீன் பத்தாது.

நிம்மதியான ஆளுங்க செஸ் ரசிகருங்கதான். 2024 டிசம்பர் 12, குகேஷ் சிங்கப்பூர்ல டிங் லிரென ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனது, மொத்தமும் யூடியூப்ல ஓசி. டிங் யானைய தப்பா நகர்த்தினப்ப குகேஷ் முகம் போன போக்க காசு குடுக்காம பாத்தேன். உலகத்துலயே ஒஸ்தியான ஆட்டம், உலகத்துலயே மலிவான டிக்கெட்.

அப்புறம் டிடி ஃப்ரீ டிஷ். எங்க மாமியார் ஊரு மயிலம் பக்கம் ஒரு கிராமம். மொட்ட மாடில சின்ன டிஷ், மாச வாடகை கிடையாது. இந்தியா உள்ளூர்ல ஆடற ஒன்டேயும் டி20-யும் டிடி ஸ்போர்ட்ஸ்ல வரும். 2007-ல போட்ட சட்டம், தனியார் வாங்கின முக்கியமான மேட்ச் சிக்னல தூர்தர்ஷனோட பகிரணும்னு. ஆனா 2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் ஒரு கோடு போட்டுச்சு. அந்த சிக்னல் டிடியோட தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், கேபிளுக்குப் போகக்கூடாதுன்னு. அதனாலதான் உங்க கேபிள் பாக்ஸ்ல டிடி வருது, மேட்ச் வர மாட்டேங்குது. மாசம் முன்னூறு கட்டற என் பாக்ஸ்ல டிடியில வராதத ஒத்தப் பைசா கட்டாத மாமனார் பாப்பாரு. ஃபோன் பண்ணி ஸ்கோரும் சொல்வாரு. (ஐபிஎல் மட்டும் டிடி ஸ்போர்ட்ஸ்ல வராது. அப்ப நான் ஃபோன் பண்ணுவேன்.)

---

கேபிளா ஆப்பான்னு பேசும்போது ஃபெஞ்சல் புயல சொல்லாம விடக்கூடாது. 2024 நவம்பர் 30 ராத்திரி. மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்த தண்ணி தொட்டு ரயிலே நின்னுடுச்சு. கரண்டு போச்சு. கரண்டு போனா நம்ம வீட்டு இன்வெர்ட்டர்ல டிவி எரியும், ஆனா கம்பத்துல இருக்கற கேபிள் கருவிக்கு எந்த இன்வெர்ட்டர்? நீலத் திரைதான். டவருக்கு பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கற வரைக்கும் ஃபோன் மூச்சு விட்டுச்சு. யாருக்கும் அப்ப மேட்ச் நினைப்பு இல்ல, சொந்தக்காரங்கள தேடி ஃபோன் அடிக்கத்தான் அந்த சிக்னல். அடுத்த வாரம் அடிலெய்டு டெஸ்ட் ஆரம்பிச்சப்ப கேபிள் வந்த தெருவும் வராத தெருவும் பக்கத்து பக்கத்துல இருந்துச்சு. வராத தெரு ஃபோன்ல பாத்துச்சு. (பத்து விக்கெட்ல தோத்தோம். வராம இருந்ததே நல்லதுன்னாரு ஒருத்தர்.)

---

இப்ப என் முடிவு என்னன்னு கேப்பீங்க. ஆப் வாங்கினேன். கேபிளயும் எடுக்கல. காரணம் நீங்க நினைக்கறது இல்ல.

ஐபிஎல் மேட்ச் ராத்திரி ஏழரைக்கு. எங்க வீட்ல சீரியலும் அதே நேரத்துக்குத்தான். தோனி வந்தாலும் சரி, தோனியோட அப்பா வந்தாலும் சரி, அந்த ரெண்டு மணி நேரம் ரிமோட் அம்மா மடியில இருந்து எழுந்திருக்காது. "நீ ஃபோன்லயே பாரேன்டா, உனக்குத்தான் அதுல எல்லாம் வருதே"ம்பாங்க. தமிழ்நாட்டுல ஆப் சந்தா கட்டற ஆம்பளைங்கள வரிசையா நிறுத்தி விசாரிச்சா, டெக்னாலஜிக்காக கட்டினவன விட ரிமோட் சண்டைக்கு பயந்து கட்டினவன்தான் ஜாஸ்தி இருப்பான்னு என் சந்தேகம்.

ஆனா ஞாயித்துக்கிழமை மேட்ச், ஃபைனல், இந்தியா - பாகிஸ்தான், இதெல்லாம் கேபிள்லதான். கூடத்துல, எல்லாரோடவும், பத்ரிநாத் தமிழ்ல ஃபீல்டிங்க திட்டறத கேட்டுக்கிட்டு. 2017-ல ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தப்ப "இதெல்லாம் தேவையா, இங்கிலீஷ்ல கேட்டாதான் கிரிக்கெட்டு"ன்னு வீராப்பு பேசின மாமா இப்ப வேற மொழி ஓடினா பாக்ஸயே தட்டறாரு.

ஆப்புல வருஷ சந்தா கட்டறத மட்டும் விட்டுட்டேன். மூணு மாசம், அதுவும் ஐபிஎல் ஆரம்பிக்கற அன்னிக்கு. 2025 மார்ச்சுல ஜியோ 299-க்கோ அதுக்கு மேலயோ ரீசார்ஜ் பண்ணினா 90 நாள் ஆப் சும்மான்னு சலுகை குடுத்துச்சு, அது மாதிரி ஏதாவது வந்தா அதையும் பாத்துக்கோங்க. கேபிள்லயும் சோனியோ ஸ்டாரோ, எது தேவையோ அந்த மாசம் ஏத்தச் சொல்லுங்க, சீசன் முடிஞ்சா இறக்கச் சொல்லுங்க. தனிச் சேனலா கேக்கற உரிமை நமக்கு இருக்கு. "பேக்லதான் தம்பி வரும்"னு அண்ணன் ஆரம்பிப்பாரு. சிரிச்சுக்கிட்டே நில்லுங்க. டீ சொல்வாரு. டீ குடிச்சு முடிக்கும்போது தனியாவும் வரும்.

தீராத பிரச்சனை ஒண்ணே ஒண்ணுதான். தம்பி குடும்பத்தோட விழுப்புரத்துல இருக்கான், அவன் வீட்ல கேபிளு. நான் திண்டிவனத்துல ஃபோன்ல பாக்கற நாள்ல எல்லாம் அவன் ஃபேமிலி குரூப்ல "போச்சு"ன்னு ஒரு வார்த்தை போட்டுடுவான். எனக்கு பவுலர் இன்னும் கேப்ப அம்பயர்கிட்ட குடுத்துட்டிருப்பாரு. நெட்ட ஆஃப் பண்ணலாம்னா மேட்சும் போயிடும். குரூப்ப மியூட்ல போடுன்னு யாரும் கமென்ட் போடாதீங்க. போட்டேன். இப்ப நேரா கால் பண்றான்.